எந்த சால்மன்?

புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை. மா வெளித்திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மா என்றால் என் மாமியார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பதினான்கு வருஷத்தில் எனக்கும் அதுவே வாயில் படிந்துவிட்டது. "மா, இன்னைக்கு மத்தியானம் சால்மன்" என்றேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எந்த சால்மன்?"

இந்தக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் சமையலுக்கு வரவேண்டும்.

கல்யாணமாகி நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்த முதல் மாதம், "நாளைக்கு சால்மன் குழம்பு" என்று மா சொன்னார். எனக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. சால்மனை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். ரோஸ் நிறம், பனிநாட்டு மீன், விலை கூடினது. மறுநாள் சட்டியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று சதை! புதுப்பெண் என்று தலைத்துண்டை எனக்கு வைத்தார். மண்டைக்குள் விரலை விட்டதும் கல் தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு, பால் வெள்ளை, ஒரு பக்கம் வழுவழுப்பு, மறு பக்கம் வரிவரியாகப் பள்ளம். எங்கள் ஊர்க் கத்தாளைக்கு மண்டையில் இருக்கிற அதே கல். என் அப்பா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதியவர். மீனுக்குக் கத்தாளை முகம் இருந்தால் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். "மா, இது கத்தாளை" என்றேன். "இல்ல கண்ணு, இது சால்மன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்தக் கல் இன்னமும் என் தையல் டப்பாவில் இருக்கிறது.

டர்பன் தூண்டில்காரர்கள் சால்மன் என்றும் டாகா சால்மன் என்றும் சொல்வது, கேப் டவுன் பக்கத்தில் கோப் அல்லது கபெல்யாவ் என்று அழைக்கிற மீனை. கத்தாளைக் குடும்பந்தான், ஆனால் பெரிய அண்ணன். ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும். மழை பெய்து உம்கேனி ஆறு செங்காவியாகக் கடலில் விழும்போது, ராத்திரி முகத்துவாரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பது இதற்காகத்தான். கபெல்யாவ் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த சொல். அவர்கள் ஊரில் அது காட் மீனுக்குப் பெயர். இங்கிலீஷ்காரர்கள் வந்து சால்மன் என்றார்கள். இதே நாட்டில் கேப் சால்மன் என்று இன்னொன்று விற்கிறார்கள், அதுவும் சால்மன் இல்லை, கீல்பெக். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? காலா மீனுக்கு இந்தியன் சால்மன் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். நிஜ சால்மன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே தானாக வளர்ந்த மீனே கிடையாது. தூரதேசம் வந்தவர்கள், வாய்க்குப் பழகின மீனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மாவின் குடும்பத்துக்கு இந்த மீன் வெறும் குழம்பு மீன் இல்லை. அவருடைய தாத்தாவின் ஆட்கள் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவில் இருந்து மீன் பிடித்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மெட்ராஸ் ஆட்களை முதன்முதலில் இங்கே இறக்கியது. அதற்குப் பின் வந்தவர்களில், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஊரில் தெரிந்த தொழிலுக்கே திரும்பிய சிலர் அந்தத் தீவிலும் வளைகுடாக் கரையிலும் தங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் சமயம் கடற்படைத் தளம் வந்தபோது தீவை விட்டு எழுப்பிவிட்டார்கள். மா பிறந்தது அதற்கப்புறம். ஆனால் அவருடைய அப்பா கரைவலை இழுத்ததை மா பார்த்திருக்கிறார். ஜூன், ஜூலையில் மத்தி கூட்டமாக வரும்போது, வலை கரை தொடுவதற்குள் பெண்கள் பாவாடையை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கி, மடியிலும் வாளியிலும் மீனை அள்ளுவார்களாம். "கால்ல மீனு மோதும் கண்ணு, கூச்சமா இருக்கும்" என்று இப்போது சொல்லும்போதும் காலை இழுத்துக்கொள்கிறார்.

அதனால் மா "எந்த சால்மன்?" என்று கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. "நம்ம சால்மனா, கடை சால்மனா?" என்று அர்த்தம்.

நம்ம சால்மன் இப்போது எங்கள் வீட்டில் அபூர்வம். முட்டையிடும் பருவத்துக்கு வரவே சில வருஷம் ஆகிற மீன், வருஷக்கணக்காக அளவுக்கு மேல் பிடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கிடைத்தாலும் திரும்ப விட்டுவிடுகிறார். நானும் அந்தக் கட்சிதான். இங்கே தூண்டிலில் கிடைக்கிற இன்னொரு மீனான ஷாட்டுக்கோ அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தடைக்காலம். புரட்டாசி விரதம் முடிகிற நேரமும் ஷாட் தடை நடக்கிற நேரமும் ஒன்றாக வந்து விழுகிறது. ஒரு மாதம் மீனைப் பார்க்காத வீடு, அண்ணன் தம்பிகள் எல்லாம் வருகிற முதல் சனிக்கிழமை, கையில் தூண்டில் மீன் இல்லை. அதனால் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை நார்வே சால்மன் வாங்குகிறேன்.

முதல் தடவை செய்ததைக் கெடுத்தேன். எப்படிக் கெட்டது என்று சொன்னால்தான் இப்போது செய்கிற முறை புரியும். சீலா மீனுக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள், புளிக்கரைசல், உப்பு, இஞ்சி பூண்டு எல்லாம் கெட்டியாகப் பூசி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் சதையின் மேல்பக்கம் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. புளியே அதைப் பாதி வேகவைத்துவிட்டது. ஓவன் கிரில்லில் வைத்தேன். மசாலா கருகி, அடியில் கொழுப்பும் புளித்தண்ணீரும் சேர்ந்து ஒரு ஆரஞ்சுக் குழம்பு தேங்கி நின்றது. சாப்பிட்டவர்களுக்கு மசாலாதான் தெரிந்தது, மீன் தெரியவில்லை. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "ஏட்டி, அது நெய்யு மீனுல்லா? அதுக்கு எதுக்குட்டி இம்புட்டு மசாலா? மத்திக்கு நாம என்ன செய்வோம்?" என்றாள்.

அது என் மனதில் நின்றுவிட்டது. மத்தியைச் சுடும்போது உப்பைத் தவிர எதுவும் போடமாட்டோம். மீனே எண்ணெய் கக்கும், அந்த எண்ணெயிலேயே வேகும். பக்கத்தில் கடிக்க ஒரு காரமும் புளிப்பும் வைத்துக்கொள்வோம். சால்மனும் அந்த ஜாதிதான். அதற்கு உள்ளே எதுவும் ஏற்றவேண்டாம். மேலே ஒன்று, கடைசியில், போட்டால் போதும்.

மேலே என்ன போடுவது என்று கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து தடவை ஆனது. என் வீட்டுக்காரர் கேப் டவுனில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அங்கே ஸ்நூக் மீனை பிராய் என்கிற கரியடுப்பில் சுடும்போது ஏப்ரிகாட் ஜாம், வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை கலந்து தடவுவார்கள். அதையே சால்மனுக்குச் செய்யச் சொன்னார். ஸ்நூக்குக்கு அது அருமை, ஏனென்றால் சுட்டால் அதன் சதை சீக்கிரம் வறண்டுவிடும், கரிப்பும் உண்டு. சால்மனிலோ இயல்பாகவே ஒரு இனிப்பு இருக்கிறது. ஜாம் சேர்ந்ததும் திகட்டியது, கிரில்லுக்கு அடியில் சர்க்கரை சீக்கிரமே கருகியும் போனது. கொத்தமல்லிச் சட்னி தடவிப் பார்த்தேன். பச்சை நிறம் செத்து, புல் வாசனை வந்தது. கடைசியில் நின்றது தேங்காய்.

அன்று நான் ஃபிரிட்ஜைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கோவிந்தா பூசைக்கு உடைத்த தேங்காய் மூடிகள் நாலு. ஒன்றை எடுத்துத் துருவ உட்கார்ந்தேன். மா திண்ணையிலிருந்தே பார்த்துவிட்டார். "கண்ணு, சாமி தேங்காய் மீனுக்கு வேணாம். அதுல பர்ஃபி போடலாம்." சரி என்று வைத்துவிட்டுப் புதுத் தேங்காய் உடைத்தேன். இளசாகவும் இல்லாமல் கொப்பரையாகவும் இல்லாமல், குலுக்கினால் தண்ணீர் சத்தம் நன்றாகக் கேட்கிற தேங்காய்தான் இதற்குச் சரி. முற்றினது எண்ணெய் விட்டு சீக்கிரம் கருகும், இளசு சிவக்காது.

நாலு துண்டு மீனுக்கு என் கணக்கு இது. வெள்ளைப் பகுதி மட்டும் துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி தாராளமாக. பூண்டு மூன்று பல். பச்சைமிளகாய் இரண்டு, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கிடைக்கிற ஒல்லி மிளகாய் என்றால் ஒன்று போதும், அது காதைத் திறந்துவிடும். கறிவேப்பிலை ஒரு கொத்து, எங்கள் பின்கட்டு மரத்திலிருந்தே. ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோல் மட்டும் மெல்லிசாகத் துருவியது. மிளகு அரை ஸ்பூன், ஒன்றிரண்டாகப் பொடித்தது. உப்பு கொஞ்சம். தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன்.

பூண்டையும் மிளகாயையும் மாவின் அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து, கறிவேப்பிலையைக் கையால் கிழித்துப் போட்டு, மறுபடி ஒரு இழுப்பு. மிக்சியில் போட்டால் தண்ணீர் கேட்கும், தண்ணீர் விட்டால் சட்னி ஆகிவிடும், சட்னி சிவக்காது. இதைத் தேங்காய்த் துருவலோடு எண்ணெய் விட்டு விரல் நுனியால் பிசறவேண்டும். உதிரியாகவே இருக்கவேண்டும், ஆனால் பிடித்தால் பிடிபடவேண்டும், புட்டுமாவு பதம். கறிவேப்பிலை மேல் எண்ணெய் ஒட்டியிருப்பது முக்கியம். காய்ந்த இலை கிரில்லுக்கு அடியில் தீய்ந்து கசக்கும், எண்ணெய் பூசின இலை மொறுமொறுவென்று பொரியும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறோம். நான் எப்போதும் தோலோடு, நடுத்துண்டாக, எல்லாம் ஒரே கனமாகக் கேட்டு வாங்குவேன். வால் பக்கத்துத் துண்டும் நடுத்துண்டும் சேர்ந்து தட்டில் இருந்தால் ஒன்று காயும், ஒன்று வேகாது. ஒரு கடையில் ஐஸ் மீனைக் கரைத்து, புதுசு என்று எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து பிரித்தால் சதையின் அடுக்குகள் வாய் பிளந்து, பொட்டலத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்கமாட்டேன். எடுத்துக் காட்டச் சொல்லி, அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஐஸ் மீன் மட்டமில்லை. ஐஸ் மீன் என்று சொல்லி விற்கட்டும், அதன் விலைக்கு விற்கட்டும், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பண்ணை சால்மனின் ரோஸ், தீவனத்தில் சேர்க்கிற அஸ்டாசாந்தின் என்ற நிறமியால் வருவது. ஆற்றிலும் கடலிலும் வளர்கிற சால்மனுக்கு அதே நிறமி இறால் மாதிரியான சின்ன உயிர்களைத் தின்று கிடைக்கிறது.

சால்மன் கட்டுப்படியாகாத மாதங்களில் இதே மேல்பூச்சை டிரவுட்டுக்கும் போடுகிறேன். 1890களில் வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குத் தூண்டிலுக்காக டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பக்கத்து மலை ஆறுகளில் கொண்டுவந்து விட்ட மீன். சால்மனுக்கு நெருங்கின சொந்தம். மெல்லிசாக இருப்பதால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும்.

மீனைக் கழுவாமல் சமைக்க என் கை ஒத்துக்கொள்ளாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசி வளர்ந்த கை. ஆனால் இந்தத் துண்டு மீனை ஊறவிட்டால் தண்ணீர் குடித்துவிடும், கிரில்லில் அந்தத் தண்ணீர்தான் முதலில் ஆவியாகும், மீன் சிவக்காமல் அவியும். ஆகவே குழாயை மெல்லிசாகத் திறந்து ஒரு தடவை காட்டிவிட்டு, உடனே சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பேன், தோல் பக்கம் இரண்டு தடவை. பிறகு நடுச்சதையில் விரலை நீளவாக்கில் ஓட்டினால் முள் குத்தும். புருவம் பிடுங்கும் இடுக்கியால், முள் சாய்ந்திருக்கிற திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வரும். இரண்டு பக்கமும் உப்புத் தூவி அரை மணி நேரம் வைக்கிறேன். சால்மன் வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாகக் கசிந்து நிற்கிறதே, அதைக் கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது புரதம். முன்கூட்டியே உப்புப் போட்டால் அது குறைகிறது. அதிகமாகக் கசிந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஓவனில் மேல் கம்பி மட்டும் எரிகிற கிரில்லைப் பத்து நிமிஷம் சூடாக்கவேண்டும், தட்டையும் உள்ளேயே வைத்து. கம்பிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கட்டும். சூடான தட்டில் எண்ணெய் தடவி, தோல் கீழே இருக்கும்படி மீனை வைத்தால் சுர்ரென்று சத்தம் வரவேண்டும். ஒரு அங்குலக் கனத் துண்டுக்கு ஐந்தாறு நிமிஷம் வெறும் மீன். அதன் பிறகுதான் வெளியே எடுத்து, தேங்காயை மேலே கூரை மாதிரி அமுக்கி வைத்து, மறுபடி உள்ளே மூன்று நாலு நிமிஷம்.

அந்த மூன்று நிமிஷம் அடுப்பை விட்டு நகராதீர்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். நான் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் தேங்காய் ஈரமாகப் பளபளக்கும். பிறகு துருவலின் நுனிகள் மட்டும், ஒவ்வொன்றாக, சிவக்க ஆரம்பிக்கும். கறிவேப்பிலை ஓரம் சுருண்டு எழும்பும். அடியில் சால்மனின் எண்ணெய் கசிந்து ஏறி, தேங்காயின் கீழ்ப்பக்கம் அதில் நனையும். மேலே பொரியல் வாசனை, கீழே சுட்ட மீன் வாசனை. நுனி பொன்னிறத்தைத் தாண்டிச் செம்மரக் கலர் தொடும்போது எடுத்துவிடவேண்டும். அதற்கு மேல் அரை நிமிஷம் போனால் கசப்பு. எலுமிச்சைச் சாறு தட்டுக்கு வந்த பிறகு மட்டும்.

வெந்ததா என்று பார்க்க, சதையைக் கத்தி முனையால் தள்ளினால் அடுக்கடுக்காக விலகவேண்டும். நடுவில் லேசாகக் கண்ணாடி மாதிரி இருந்தால் எனக்குப் பிடிக்கும்; வெளியே எடுத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அவருடைய துண்டுக்கு வெப்பமானியைக் குத்தி, நடுவில் 63 டிகிரி வந்த பிறகுதான் எடுப்பேன். உணவுப் பாதுகாப்புக்குச் சொல்லப்படுகிற அளவு அது. பிள்ளை உண்டான பெண்களுக்கும் அப்படியே செய்யுங்கள். அந்தத் துண்டை இரண்டு நிமிஷம் முன்னாலேயே உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாகத் தட்டுக்கு வரும்.

அன்று சோறு, மிளகு ரசம், மடும்பிக் கிழங்கு வறுவல். மடும்பி என்பது நம் சேப்பங்கிழங்கு. இங்கே எல்லோரும் ஜூலு பெயரிலேயே சொல்கிறார்கள். ரசச் சோற்றுக்கும் இந்த மீனுக்கும் அப்படி ஒரு பொருத்தம்! சால்மனின் கொழுப்பு நாக்கில் படிந்து நிற்பதை ரசம் ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிட்டு, அடுத்த வாய்க்கு இடம் பண்ணுகிறது. பெரிய கொழுந்தன் பேசாமல் இரண்டு துண்டு சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மா முதலில் தேங்காயை மட்டும் விரலால் எடுத்துத் தின்றார். பிறகு சதை. பிறகு தட்டைத் திருப்பி, அடித்தோலைத் தனியாக உரித்து வாயில் போட்டார். அது நொறுங்கின சத்தம் எனக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்டது. "தோல் யாருக்கும் வேணாம்னா இங்க குடுங்க" என்று பேரன் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். "நம்ம சால்மன் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "ஆனா எங்கப்பாவுக்குக் குடுத்திருந்தா தின்னிருப்பார்" என்றார்.

நான் எழுந்து போய் மிச்சமிருந்த தேங்காயைக் கொண்டுவந்து அவர் தட்டு ஓரத்தில் வைத்தேன்.

டிசம்பர் 1 ஷாட் தடை நீங்குகிறது. என் வீட்டுக்காரர் இப்போதே ரீலைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். ஷாட்டும் நெய்யுள்ள மீன்தான், ஆனால் சதை மெத்து, சீக்கிரம் உடையும். முழுசாக முதுகைப் பிளந்து விரித்து வைத்து, இதே தேங்காயைப் போட்டுப் பார்க்கவேண்டும்.